அந்தக் குடை என்ன பச்சை?

நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் அக்காவுக்கு ஒரு படம் அனுப்பினேன். அம்மா பச்சைக் குடை ஒன்றைப் பிடித்தபடி படிக்கட்டில் நிற்கும் படம். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது பெரியப்பா ஸ்லைடு ஃபிலிமில் எடுத்தது. அன்று அனுப்பிய மற்ற படங்களுக்கெல்லாம் உருகி உருகிப் பதில் எழுதிய அக்கா, இதற்கு மட்டும் ஒரே வரியில், "குடையின் பச்சை இது இல்லையே" என்று எழுதியிருந்தாள். உன் ஃபோன் திரை நிறங்களைச் சரியாகக் காட்டாது என்று நான் பதில் போட்டேன். மானிட்டருக்கென்று அளவுக்கருவி வாங்கி, மாதம் ஒருமுறை திரையை அளந்து வைக்கிறவன் நான். கலர் புரொஃபைல் (கோப்பின் எண்களை எந்த நிறங்களாகப் படிப்பது என்ற குறிப்பு) என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பேச்சு அதோடு முடிந்தது; முடிந்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த ஒரு வரி மட்டும் செருப்புக்குள் புகுந்த பொடிக்கல்லாக இருந்துகொண்டே இருந்தது. ஏனென்றால் என் நினைவில் அந்தக் குடை நல்ல கிளிப்பச்சை. படத்திலும் கிளிப்பச்சை. இரண்டும் அப்படிப் பொருந்துகிறபோது அவள் எதை வைத்து மறுக்கிறாள்?

பெரியப்பாவின் ஸ்லைடுகளை ஸ்கேன் செய்தது நான்தான். முன்னூற்றுச் சொச்சம் ஸ்லைடுகள். ஸ்கேனர் மென்பொருளில் "நிறத் திருத்தம் வேண்டாம்" என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்திருந்தேன். இயந்திரம் தன் இஷ்டத்துக்கு எதையும் செய்யக் கூடாது, திருத்துவதெல்லாம் என் கையால்தான் என்ற கர்வம். அதன் விளைவாகக் கோப்புகள் எந்தப் புரொஃபைலும் இல்லாமல் வந்தன. ஃபோட்டோஷாப்பில் திறந்தால், இந்தப் படத்துக்குப் புரொஃபைல் இல்லையே, என்ன செய்யட்டும் என்று ஒரு பெட்டி கேட்கும். அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எண்ணுக்கு நிறம் கிடையாது

படக்கோப்புக்குள் நிறம் என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், அவ்வளவுதான். 0, 255, 0 என்றால் முழுப் பச்சை. எதனுடைய முழுப் பச்சை என்று கேட்டால் எண்ணிடம் பதில் இருக்காது. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று வரையறுத்து வைத்த ஏற்பாட்டுக்கு வண்ணவெளி என்று பெயர். எஸ்ஆர்ஜிபி என்ற வண்ணவெளியின் முழுப் பச்சையை அடோபி ஆர்ஜிபி வெளியில் எழுத வேண்டுமானால் 144, 255, 60 என்று எழுத வேண்டும். எஸ்ஆர்ஜிபியின் முழுச் சிவப்பு அங்கே 219, 0, 0 ஆகிவிடும். ஒரே நிறம், வேறு வேறு எண்கள். அதே எண்களை அப்படியே வைத்துக்கொண்டு வெளியை மட்டும் மாற்றிச் சொன்னால், ஒரே எண்கள், வேறு வேறு நிறங்கள்.

யூனிகோடுக்கு முந்தைய காலத்தில் கணினியில் தமிழ் படித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பாமினி எழுத்துருவில் தட்டிய கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் நடுநடுவே அரைப்புள்ளிகளுமாகக் கொட்டிக் கிடக்கும். மெய்யெழுத்தின் தலையில் இருக்க வேண்டிய புள்ளிகள்தான் அந்த அரைப்புள்ளிகள். கடிதம் கெட்டுப்போகவில்லை. எழுத்துருவைப் பாமினி என்று மாற்றிவிட்டால் தமிழ் வந்துவிடும். கோப்பில் ஒரு பைட்கூட மாறியிருக்காது. ஃபோட்டோஷாப்பிலும் கிம்ப்பிலும் இருக்கும் 'அசைன் புரொஃபைல்' செய்வது அதைத்தான். இந்த எண்களை இன்ன மொழியாகப் படி என்று சொல்வது. அதே கடிதத்தை ஒரு மாற்றி நிரலில் போட்டு யூனிகோடாக்கினால், பைட் அத்தனையும் மாறும், வாசகம் மட்டும் அப்படியே இருக்கும். அது 'கன்வர்ட்'. தோற்றத்தைக் காப்பாற்றுவதற்காக எண்களை மாற்றுவது.

இப்போது ஒருவர் பாமினிக் கடிதத்தை எடுத்து, இது டிஸ்கி என்ற வேறொரு குறியீட்டு முறை என்று தவறாகச் சொல்லி மாற்றியில் போட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குப்பை வரும். அதுவும் முறையான யூனிகோடு குப்பை. அதைப் பார்க்கிறவர்களுக்கு இது ஒருகாலத்தில் பாமினியாக இருந்தது என்ற தடயம் எளிதில் கிடைக்காது. ஆனாலும் எழுத்தில் ஒரு வசதி உண்டு: குப்பை குப்பையாகத் தெரியும். உடனே கையை உதறிவிட்டுத் திரும்பிவிடலாம். படத்தில் அந்த வசதி கிடையாது. தவறான புரொஃபைல் மாட்டிய படம் பெரும்பாலும் அழகாகவே இருக்கும்.

முன்னோட்டப் பெட்டியின் மயக்கம்

அசைன் புரொஃபைல் பெட்டியில் 'முன்னோட்டம்' என்று ஒரு சிறு கட்டம் இருக்கிறது. அதில் குறியிட்டு, பட்டியலில் ஒவ்வொரு புரொஃபைலாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே வந்தால், படம் கண்முன்னே மாறிக்கொண்டே வரும். முதலில் எஸ்ஆர்ஜிபி மாட்டிப் பார்த்தேன். படம் சோகை பிடித்தது போல இருந்தது. அடோபி ஆர்ஜிபி மாட்டினேன். கன்னங்களில் ரத்தம் ஏறியது, இலைகள் தழைத்தன. கோடாக் நிறுவனம் உருவாக்கிய புரோஃபோட்டோ ஆர்ஜிபியை மாட்டினேன். எல்லோரும் ஆரஞ்சுப் பழமானார்கள். நடுவில் இருந்ததுதான் நியாயமாகத் தோன்றியது. அடோபி ஆர்ஜிபி என்று முடிவு செய்தேன். சில படங்களுக்கு அதுவும் தூக்கலாகத் தெரிந்ததால் எஸ்ஆர்ஜிபி. ஒரே ஸ்கேனரில், ஒரே அமைப்பில், ஒரே வாரத்தில் பிறந்த கோப்புகளுக்கு ரசனையைப் பார்த்து இரண்டு ஜாதகம் எழுதினேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

உறைக்காததற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. நிறம் சரியா என்று பார்க்க நம்மில் பலர் வெள்ளைச் சுவரையோ சாம்பல் தரையையோதான் பார்ப்போம். எஸ்ஆர்ஜிபிக்கும் அடோபி ஆர்ஜிபிக்கும் வெள்ளைப்புள்ளி (எது வெள்ளை என்ற வரையறை) ஒன்றே, காமாவும் (எண் கூடக்கூட வெளிச்சம் எந்த விதத்தில் கூடும் என்ற கணக்கு) ஏறத்தாழ ஒன்றே. மூன்று எண்களும் சமமாக இருக்கும் சாம்பல், இரண்டில் எதை மாட்டினாலும் அநேகமாக அசையாது. சுவர் சாட்சி சொல்லாது. சிவப்புக்கும் நீலத்துக்கும் வண்ண வரைபடத்தில் இரண்டு வெளிகளிலும் ஒரே இடம்தான். வேறுபடும் ஒரே மூலை பச்சை. புரோஃபோட்டோ விஷயம் வேறு, அதன் காமா 1.8 என்பதால் சாம்பலே வெளுத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த அடோபி ஆர்ஜிபியின் பிறப்பே ஒரு பிழையில்தான். 1998-இல் ஃபோட்டோஷாப் 5.0 வெளிவந்தபோது ஒரு தொலைக்காட்சித் தரத்தின் ஆவணத்தைப் பார்த்து இந்த வெளியைச் சேர்த்தார்கள். ஆனால் தரத்தின் உண்மையான எண்களுக்குப் பதிலாக, பின்னிணைப்பில் இலட்சிய அளவுகளாகக் கொடுத்திருந்தவற்றை எடுத்துவிட்டார்கள். பெயர்த்தெழுதியதில் சிவப்பிலும் ஒரு தவறு. விஷயம் தெரிய வருவதற்குள் பயனர்களுக்கு அது பிடித்துப் போய்விட்டது. திருத்துவதை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் மாற்றினார்கள். அதுதான் இன்றைய 'அடோபி ஆர்ஜிபி (1998)'. முதலில் இதைக் கேள்விப்பட்டபோது, பிழையான எண்களே தரமாக முடியுமென்றால் நான் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்ததில் என்ன குறை என்று எனக்கு நானே வாதாடியதுண்டு. குறை எங்கே என்று பிறகுதான் புரிந்தது. அவர்கள் தப்பாக எழுதினாலும் எழுதிவைத்தார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுவதும் அதே எண்களை அதே மாதிரி படித்தது. என் ஸ்கேனரோ ஒருநாளும் அடோபி ஆர்ஜிபியில் எழுதியதில்லை. அது எழுதாத மொழியில் நான் அதைப் படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கிருந்து வந்தது?

அச்சுத் தொழிலில் நிறப்பிரிப்பு வேலையில் முப்பது ஆண்டுகளைக் கழித்து ஓய்வு பெற்ற ஒருவர் எனக்குப் பழக்கம். சென்ற ஆண்டு அவரிடம் என் பெருமையைக் காட்டப் போனேன். ஸ்லைடுகளின் நிழல்களில் ஒரு நீலச்சாயல் படிந்திருந்தது. அதைப் போக்க, வெளிச்சத்தையும் நிறத்தையும் திருத்தும் 'கர்வ்ஸ்' வளைவுகளை வாரக்கணக்கில் வளைத்திருந்தேன். திருத்தலுக்கு முன், திருத்தலுக்குப் பின் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் 'பின்'னைப் பார்க்கவே இல்லை. 'முன்'னைச் சுட்டி, "இதற்கு அடோபி ஆர்ஜிபி என்று யார் சொன்னார்கள்?" என்று கேட்டார்.

"பார்க்க நன்றாக இருந்தது" என்றேன்.

"நன்றாக இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, தம்பி. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் அதைக் கவனிக்காமல் உள்ளே போய், உறையில் போட்ட ஒரு ஸ்லைடை எடுத்துவந்தார். ஸ்லைடுதான், ஆனால் படம் இல்லை. வரிசை வரிசையாகச் சிறு வண்ணக் கட்டங்கள், கீழே கறுப்பிலிருந்து வெள்ளை வரை 24 சாம்பல் படிகள். ஐடி8 அட்டை என்பார்கள். அதோடு ஒரு கோப்பும் வரும்; ஒவ்வொரு கட்டத்தின் நிறமும் கருவியால் அளந்தபடி இன்னது என்று அதில் எழுதியிருக்கும். இந்த ஸ்லைடை உன் ஸ்கேனரில், அதே அமைப்பில், எதையும் தொடாமல் ஸ்கேன் செய்துவா என்றார். செய்தேன். ஸ்கேனர் கொடுத்த எண்களையும் அளந்த நிறங்களையும் ஆர்கில் என்ற இலவச மென்பொருளில் கொடுத்தோம். இந்த ஸ்கேனர் இந்த எண்ணைச் சொன்னால் அதற்கு இந்த நிறம் என்று பொருள் என அது ஓர் அகராதி எழுதிக் கொடுத்தது. புரொஃபைல் என்பது அதுதான், அகராதி. நிறத்துக்குப் பொதுத் தரம் வகுக்கும் ஐசிசி கூட்டமைப்பு 1993-இல் தொடங்கியபோது செய்த நல்ல காரியமும் இதுவே: கருவிகள் தங்களுக்குள் நேரடியாகப் பேசிக்கொள்ள வேண்டியதில்லை, ஒவ்வொன்றும் தன் எண்ணை மனிதக் கண்ணை அடிப்படையாகக் கொண்ட ஒரு பொது மொழியில் சொல்லிவிட்டால் போதும்.

தொடாமல் வைத்திருந்த மூலக் கோப்பு ஒன்றைத் திறந்து இந்தப் புரொஃபைலை அசைன் செய்தார். நீலச்சாயல் போய்விட்டது. வளைவு இல்லை, நிறச்சமன் இல்லை, ஒரு எண்கூட மாறவில்லை. நான் வாரக்கணக்கில் துடைத்த அழுக்கு படத்தில் இருந்ததே இல்லை. என் கண்ணாடியில் இருந்தது. அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசாமல் காபி ஆறிவிட்டது என்று சொல்லி எழுந்து போனார். நான் அந்தப் பெட்டியில் முன்னோட்டக் குறியைப் போட்டும் எடுத்தும், போட்டும் எடுத்தும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இதற்கு எதிர்க்கட்சி ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். புரொஃபைலை வேண்டுமென்றே பொய்யாக மாட்டுகிற கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். இருட்டாக விழுந்த படத்துக்குக் காமா குறைந்த ஒரு புரொஃபைலைத் தாங்களே செய்து அசைன் செய்வார்கள், படம் வெளுக்கும். பிறகு வழக்கமான வெளிக்குக் கன்வர்ட் செய்து மேலே வேலையைத் தொடர்வார்கள். அது நல்ல உத்தி. எனக்கு அதில் சண்டை இல்லை. அவர்கள் தாங்கள் பொய் சொல்வது தெரிந்து சொல்கிறார்கள். நான் உண்மையைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்.

வந்த வழியே திரும்புதல்

முன்னூற்றுச் சொச்சத்தில் பெரும்பாலானவற்றுக்கு மூலக் கோப்பு பத்திரமாக இருந்தது. புரொஃபைலை மாற்றி அசைன் செய்ய அரை நாள்கூட ஆகவில்லை. அசைன் மட்டும் செய்த தவறு தவறே இல்லை. எண்கள் தொடப்படாததால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். சிக்கல் நாற்பத்தொரு படங்களில். அவற்றை அடோபி ஆர்ஜிபி என்று அசைன் செய்து, எல்லோருக்கும் அனுப்ப வசதியாக எஸ்ஆர்ஜிபிக்குக் கன்வர்ட் செய்து, மூலத்தின் மேலேயே சேமித்துத் தொலைத்திருந்தேன். ஸ்லைடுகளை மறுபடி ஸ்கேன் செய்யலாம் என்றால், பெரியப்பா வீட்டில் அந்தப் பெட்டிக்குள் ஈரம் புகுந்து, படச்சவ்வு உறையோடு ஒட்டிக் குழைந்துவிட்டது.

அந்த அச்சுத் தொழில்காரரிடம் கேட்டபோது, வந்த வழியே திரும்பிப் போ என்றார். தவறான அசைன், அதன்மேல் கன்வர்ட் என்றால், முதலில் எஸ்ஆர்ஜிபியிலிருந்து அடோபி ஆர்ஜிபிக்கே திரும்பக் கன்வர்ட் செய்ய வேண்டும். அப்போது ஸ்கேனர் கொடுத்த பழைய எண்கள் ஏறக்குறைய திரும்பிவரும். பிறகு அடோபி என்ற பொய்யை எடுத்துவிட்டு ஸ்கேனரின் புரொஃபைலை அசைன் செய்ய வேண்டும். கேட்பதற்கு மந்திரம் போல இருந்தது. நாற்பத்தொன்றில் பெரும்பகுதியில் வளைவுத் திருத்தங்களையும் சேர்த்துச் சேமித்திருந்தேன். அவற்றுக்கு இந்த வழி அடைபட்டுவிட்டது. திருத்தமே செய்யாமல் விட்டவை ஒன்பது. அம்மாவின் குடைப்படம் அவற்றில் ஒன்று. அது அப்படியே அழகாக இருக்கிறது என்று நான் கை வைக்காமல் விட்டிருந்தேன்.

எட்டுப் படங்கள் நன்றாகவே மீண்டன. ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே கொண்ட 8 பிட் கோப்புகள் என்பதால் வானத்தின் நிறம் மெல்லிய படிகளாக உடைந்து தெரிந்தது, பொறுத்துக்கொள்ளலாம். குடைப்படத்தில் அம்மாவின் முகம், படிக்கட்டு, சுவர் எல்லாம் சரியாக வந்தன. குடை மட்டும் ஏதோ வெட்டி ஒட்டியது போலத் துருத்திக்கொண்டிருந்தது. பழைய எஸ்ஆர்ஜிபி கோப்பைத் திறந்து, சிவப்பு சேனலை, அதாவது ஒவ்வொரு புள்ளியின் சிவப்பு எண்ணை மட்டும், தனியாகப் பார்த்தேன். குடையின் மேல் சுட்டியை எங்கே வைத்தாலும் 0. மடிப்பில் 0, விளிம்பில் 0, வெளிச்சம் பட்ட இடத்திலும் 0. அடோபி ஆர்ஜிபி என்று நான் மாட்டிய பொய் அந்தப் பச்சையை எஸ்ஆர்ஜிபியின் எல்லைக்கு வெளியே தள்ளியிருக்கிறது. கன்வர்ட் செய்தபோது சிவப்பு பூஜ்யத்துக்கும் கீழே போக வேண்டியிருக்கிறது. எண் அதற்கு இடம் கொடுக்காததால் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் நறுக்கிவிட்டது. பூஜ்யத்துக்குக் கீழே எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்ற செய்தி எங்கும் இல்லை. வந்த வழியே திரும்ப முடியும்தான், ஆனால் ஒரு பாலம் உடைந்திருக்கிறது.

அப்போதுதான் மெதுவாக ஒன்று தோன்றியது. எஸ்ஆர்ஜிபியின் பச்சை, அடோபியின் பச்சையைவிட மஞ்சள் பக்கம் சாய்ந்தது. அதன் எல்லைக்கு வெளியே நிற்கும் எந்தக் குளிர்ந்த பச்சையையும் நறுக்கினால், வந்து விழும் இடம் அந்த மஞ்சள் கலந்த ஓரம்தான். கிளிப்பச்சை. நான் நினைவில் வைத்திருந்த கிளிப்பச்சை. இந்தக் கோப்பை எத்தனை ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்? திரையில் நெடுங்காலம் இதுதான் பின்னணிப் படம். குடையை நான் கடைசியாகக் கண்ணால் பார்த்தது எட்டு வயதில். என் நினைவும் படமும் அவ்வளவு அழகாகப் பொருந்தியதற்குக் காரணம், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டதுதான் போலிருக்கிறது. அக்கா அந்தக் கோப்பை அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மீட்ட படத்தை அவளுக்கு அனுப்பினேன். எதையும் விளக்கவில்லை. இரவு தொலைபேசியில் அழைத்தாள். "அம்மா முகம் இப்போதுதான் அம்மா முகமாக இருக்கிறது" என்றாள். குடை? "முன்பைவிடப் பரவாயில்லை. ஆனால் இதுவும் இல்லை. அது மரகதப் பச்சை. இன்னும் கொஞ்சம் நீலம் இருக்கும். மழையில் நனைந்தால் கறுப்பாகத் தெரியும்." மழையில் நனைந்தால் கறுப்பாகத் தெரியும் என்பது எனக்கு நினைவே இல்லை.

அவள் சொன்னதற்கேற்ப குடையை மட்டும் தேர்ந்தெடுத்து நிறத்தை மாற்றிவிட ஐந்து நிமிடம் ஆகாது. இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் நிறுத்திவிட்டேன். ஸ்லைடின் சாயமே இத்தனை ஆண்டுகளில் மங்கியிருக்கும். என் புரொஃபைல் ஸ்லைடு வரைக்கும்தான் பேசும், ஸ்லைடுக்குப் பின்னால் மழையில் நின்ற குடையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கடைசியில், எண்களைத் தொடாமல், ஸ்கேனரின் புரொஃபைலோடு கோப்பைச் சேமித்து, விவரக்குறிப்புப் பகுதியில் இரண்டு வரி எழுதினேன்: "குடையின் சிவப்பு சேனல் என் தவறால் நறுக்கப்பட்டது. அக்கா சொன்னபடி குடை மரகதப் பச்சை, நனைந்தால் கறுப்பு."